யார் அங்கே லோக்கல்?

சென்னையில் ஒருவரை 'லோக்கல்' என்று சொல்லிவிட்டு அவர் எதிரில் அதிக நேரம் நிற்க முடியாது. மட்டமான பேச்சு, முரட்டு நடை, எதற்கும் துணிந்த தெருச் சண்டை எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். 'ரொம்ப லோக்கலாப் பேசாதே' என்று அம்மாக்கள் பிள்ளைகளைக் கண்டிப்பது அன்றாடக் காட்சி. அதே சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, சுமார் 1,200 கி.மீ. கடலைக் கடந்து, மூன்றாம் நாள் அந்தமானில் இறங்கும் தமிழர் ஒருவர் டெலானிபூரில் உறவினர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இந்தச் சொல் அவரைக் குழப்பிவிடும். எதிர்வீட்டுப் பெரியவரைக் காட்டி, 'அவங்க லோக்கல், மாமா' என்பான் உறவினரின் மகன். குரலில் ஏளனம் இருக்காது. கொஞ்சம் மரியாதைகூடத் தொனிக்கும்.

'அப்போ நீங்க?' என்று மாமா கேட்டால் பையன் யோசிப்பான். அவன் பிறந்தது அங்கே. அவன் அப்பா பிறந்ததும் அங்கேதான். பள்ளிக்கூடம், நண்பர்கள், ரேஷன் கார்டு, கிரிக்கெட் எல்லாம் அங்கே. ஆனாலும் பதில் இதுதான்: 'நாங்க தமிழ். லோக்கல் இல்லை.'

அந்தமான் தலைநகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அதுவரை போர்ட் பிளேர். டெலானிபூர் அந்நகரின் குடியிருப்புப் பகுதிகளில் ஒன்று. வங்காளி, தமிழ், தெலுங்கு, மலையாளம் எல்லாம் புழங்கும் ஊர் இது. யாரும் யாரோடும் பேச ஒரு ஹிந்துஸ்தானி. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,000-க்குச் சற்று மேல். அதில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். இத்தனை பேர் இருந்தும், இத்தனை காலம் இருந்தும், ஒரு ஆங்கிலச் சொல்லின் வாசலைத் தாண்ட முடியவில்லை. அப்படி என்ன இருக்கிறது அந்தச் சொல்லில்?

அகராதியைப் புரட்டினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. லத்தீனில் 'லோகுஸ்' என்றால் இடம். அதிலிருந்து வந்த பெயரடை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போயிற்று. (நம் 'லோக'த்துக்கும் இதற்கும் உறவு உண்டு என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சமஸ்கிருதத்து லோகத்தின் வேர் வெளிச்சம், மரம் வெட்டித் திறந்த வெளி ஆகிய பொருள்களோடு சேர்ந்தது. லத்தீனில் அதன் உறவு 'லூகுஸ்', அதாவது சோலை. 'லோகுஸ்' வேறு வம்சம்.) இங்கிலாந்தில் 'என் லோக்கல்' என்றால் தெருமுனை மதுக்கடை. மும்பையில் லோக்கல் என்றால் மின்சார ரயில்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் முதலில் கௌரவமாகத்தான் நுழைந்தது. சென்னை ராஜதானியில் 1884-ல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின் பெயரிலேயே 'லோக்கல் போர்டு' இருந்தது. லோக்கல் ஃபண்டு ரோடு, லோக்கல் ஃபண்டு ஆஸ்பத்திரி என்று கிராமத்துப் பெரியவர்கள் வாயில் அது சரளமாகப் புரண்டது. இன்றும் அரசின் தணிக்கைத் துறை ஒன்று 'லோக்கல் ஃபண்ட் ஆடிட்' என்றே பேச்சில் அறியப்படுகிறது. சொல்லின் மதிப்பு சரிந்தது கடைவீதியில். ரேடியோ, கைக்கடிகாரம், செண்ட் எல்லாம் 'ஃபாரின்' என்றால் உயர்த்தி என்றிருந்த காலத்தில் அதற்கு எதிர்ப்பதமாக நின்றது லோக்கல். மோட்டார் உதிரிபாகம் வாங்கப் போனால் இன்றும் கேள்வி அதுதான்: 'கம்பெனியா, லோக்கலா?' பொருளுக்கு ஒட்டிய இழிவு மனிதனுக்கும் ஒட்டிக்கொண்டது. போதாததற்கு முன்னால் 'தரை'யையும் சேர்த்து 'தர லோக்கல்' ஆக்கினார்கள். 2015-ல் 'மாரி' படத்தில் அது பாட்டின் பெயராகவே ஏறி, வசவு பெருமையாக மாறியது தனிக்கதை.

அந்தமான் லோக்கல் இந்தக் கடைவீதிப் பக்கமே போகாதது. அது சிறைப் பதிவேட்டிலிருந்து வந்தது.

1857 கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட கையோடு, 1858 மார்ச் 10-ஆம் தேதி, டாக்டர் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் வந்து இறங்கினார். அடுத்த எண்பது ஆண்டுகளில் வங்காளம், பஞ்சாப், ஐக்கிய மாகாணம், பம்பாய், சென்னை, பர்மா என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். செல்லுலர் சிறையும் அதன் அரசியல் கைதிகளும்தான் பாடப்புத்தகங்களில் இடம்பெறுகிறார்கள். ஆனால் அந்தச் சிறை கட்டத் தொடங்கியதே 1896-ல், முடிந்தது 1906-ல். அதற்கு முன்னும் பின்னும் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கொலை, கொள்ளை வழக்குகளில் ஆயுள் தண்டனை பெற்ற சாதாரண மனிதர்கள். இவர்களைப் பற்றிப் பாட்டு எழுத ஆள் இல்லை.

இவர்களை வெறுமனே அடைத்து வைப்பது பிரிட்டிஷாரின் நோக்கமல்ல. காட்டை வெட்டி ஊரும் உண்டாக்க வேண்டும். எனவே படிப்படியாகத் தளர்த்தும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த விதிப்படி, ஆண் கைதி 10 ஆண்டுகள் நன்னடத்தையோடு உழைத்தால் ஒரு 'டிக்கெட்' கிடைக்கும். பெண்ணுக்கு 5 ஆண்டுகள் போதும். டிக்கெட் பெற்றவருக்குப் பெயர் 'செல்ஃப் சப்போர்ட்டர்', அதாவது தன் சோற்றைத் தானே தேடிக்கொள்பவர். நிலம் உழலாம், மாடு வளர்க்கலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். தீவை விட்டுப் போக மட்டும் முடியாது.

கல்யாணம் என்றால் சாதி பார்த்து, ஜாதகம் பார்த்து நடந்தது என்று நினைக்க வேண்டாம். பெண் கைதிகள் சொற்பம். மாப்பிள்ளை ஒரு மாகாணம், பெண் வேறு மாகாணம். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தவை முகாமில் கற்ற உடைந்த ஹிந்துஸ்தானியும் தண்டனையும்தான். போர்ட் பிளேரில் ஷாதிபூர் என்று ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. ஷாதி என்றால் கல்யாணம். சாதி அங்கே முற்றாக மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் தாய்நாட்டில் இருந்த இறுக்கம் இல்லை. கடல் தாண்டியதும் போய்விட்டதாக ஊர் சொன்ன ஒன்றை அவர்கள் பிடித்துத் தொங்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்தத் தம்பதிகளுக்குப் பிள்ளைகள் பிறந்தன. அந்தப் பிள்ளைகளை என்ன சொல்லி எழுதுவது என்ற சங்கடம் அதிகாரிகளுக்கு வந்தது. கைதிகள் என்று எழுத முடியாது, அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. பஞ்சாபி என்றோ வங்காளி என்றோ எழுதலாமென்றால், அப்பா ஒன்று அம்மா ஒன்று. கடைசியில் பதிவேட்டில் இடம்பிடித்த சொல் 'லோக்கல்-பார்ன்'. இங்கே பிறந்தவர். காலப்போக்கில் 'பார்ன்' உதிர்ந்து 'லோக்கல்' மட்டும் நின்றது.

சொல்லாமல் விட்டதைக் கொண்டு பிழைக்கும் சொற்கள் உண்டு. இது அந்த ரகம். 'கைதியின் பிள்ளை' என்ற இரண்டு சொற்களை விழுங்கிவிட்டு 'இந்த ஊர்ப் பிள்ளை' என்று மட்டும் சொல்கிறது. அதிகாரிக்கு அது நாசூக்கு. அந்தப் பிள்ளைக்கோ அது உயிர்மூச்சு.

இதில் அந்தமான் தனியும் அல்ல. 1788-ல் இங்கிலாந்து தன் கைதிகளை ஆஸ்திரேலியாவில் இறக்கியது. சிட்னியில் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கும் ஒரு கொச்சைப் பெயர் முளைத்தது: 'கரன்சி'. ஆணென்றால் கரன்சி லாட், பெண்ணென்றால் கரன்சி லாஸ். இங்கிலாந்தில் பிறந்து வந்தவர் 'ஸ்டெர்லிங்'. அந்தக் காலத்தில் அங்கே முறையான நாணயம் போதவில்லை. பல தேசத்துக் காசுகளும் கடன் சீட்டுகளும் 'கரன்சி' என்ற பெயரில் புழங்கின. ஸ்டெர்லிங் பவுண்டைவிட அவற்றுக்கு மதிப்புக் குறைவு. மனிதர்களுக்கும் அதே விலைப்பட்டியலை ஒட்டிவிட்டார்கள். பீட்டர் கன்னிங்ஹாம் என்ற கப்பல் மருத்துவர் 1827-ல் வெளியிட்ட நூலில் இந்தக் கதை இருக்கிறது. ரசமான விஷயம் அடுத்து நடந்தது. மட்டமான காசு என்ற பெயரை அந்தப் பிள்ளைகள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். 1832-ல் சிட்னியில் 'தி கரன்சி லாட்' என்று ஒரு பத்திரிகையே வெளிவந்தது.

கைதிப் பெயர் விவகாரத்தில் தமிழர்களுக்கும் பழைய அனுபவம் உண்டு. அந்தமானுக்கு முன்னால் இந்தியக் கைதிகளை அனுப்பிய இடங்கள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர். மலாய் நாட்டில் தென்னிந்தியர்களைக் 'கெலிங்' என்பார்கள். ஆங்கிலத்தில் அது 'க்ளிங்' ஆயிற்று. கைதிகள் நடக்கும்போது கால் சங்கிலி 'க்ளிங், க்ளிங்' என்று ஒலித்ததால் வந்த பெயர் அது என்று ஒரு விளக்கம் இன்றுவரை சுற்றுகிறது. கதை நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்ச்சுகீசியரான தோமே பிரெஸ் மலாக்காவின் கெலிங் வணிகர்களைப் பற்றி எழுதிவிட்டார். அப்போது அங்கே பிரிட்டிஷாரும் இல்லை, சங்கிலிக் கைதிகளும் இல்லை. கலிங்கம் என்ற பழைய தேசப் பெயரின் மிச்சம் அது. பணக்கார வியாபாரியின் பெயர் நாளடைவில் கூலியின் பெயராகி, பிறகு வசவாகவும் ஆனது. சங்கிலிக் கதையை யாரோ பின்னால் சேர்த்துக் கட்டினார்கள்.

அந்தமானுக்குத் திரும்பலாம். 1920-களில் கைதிக் குடியிருப்பு மெல்ல நிறம் மாறியது. இந்தியச் சிறைகள் பற்றி ஆராய்ந்த குழுவின் அறிக்கைக்குப் பிறகு, நாடுகடத்தலை நிறுத்துவதென்று 1921-ல் முடிவெடுத்தார்கள். முடிவெடுத்த சூட்டோடு மலபார் கிளர்ச்சி வந்தது. மாப்பிள்ளாக்களைக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். தெற்கு அந்தமான் வரைபடத்தில் காலிகட், மஞ்சேரி, திரூர், வண்டூர் என்றெல்லாம் பெயர்கள் இருப்பது அதனால்தான். பர்மாவிலிருந்து 1925-ல் கரேன் இனத்தவர் வந்து மத்திய அந்தமானில் வேபி என்ற ஊரை அமைத்தார்கள். ஐக்கிய மாகாணத்தில் 'குற்றப் பரம்பரை' முத்திரை குத்தப்பட்டிருந்த பாந்துக்கள் 1926-ல் வந்தார்கள். காடு வெட்ட 1918 முதலே சோட்டா நாகபுரியிலிருந்து ஒராவன், முண்டா, காரியா மக்கள் வந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர் 'ராஞ்சி'. தனித்தனி மொழி, தனித்தனி இனம் எல்லாம் ஆள் பிடித்த ஊரின் பெயருக்குள் காணாமல் போயின. 'அவர் ராஞ்சி' என்றால் அந்தமானில் அது ஒரு மனிதரைக் குறிக்கும். தாயகத்தில் அட்டவணைப் பழங்குடி என்ற தகுதி பெற்ற இம்மக்களுக்குத் தீவில் அந்தத் தகுதி கிடைக்கவில்லை. ஊர்ப் பெயரைச் சூட்டியவர்கள் உரிமையைத் தரவில்லை.

பிறகு வந்தது 1942. அந்தமான் பேச்சில் இது ஆண்டாக மட்டும் இல்லை. சாதிப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. 'ப்ரீ-42' என்பார்கள். 'நாங்க ப்ரீ-42', 'அந்தப் பொண்ணு வீடு ப்ரீ-42' என்று எந்த மொழியில் பேசினாலும் எண்ணை ஆங்கிலத்திலேயே சொல்வார்கள்.

அந்த ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. 1945 அக்டோபரில் பிரிட்டிஷார் திரும்பும்வரை மூன்றரை ஆண்டுகள் தீவு வெளியுலகத் தொடர்பின்றிக் கிடந்தது. நேதாஜி 1943 டிசம்பர் 30-ஆம் தேதி அங்கே கொடியேற்றியதை நாடு நினைவில் வைத்திருக்கிறது. அதே காலத்தில் தீவு மக்கள் பட்டதை அவ்வளவாக நினைவில் வைக்கவில்லை. உளவாளிகள் என்ற சந்தேகத்தில் சிறையில் அடைத்து வதைக்கப்பட்டவர்கள் ஏராளம். மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் அப்படித்தான் 1944 ஜனவரியில் உயிரிழந்தார். அதே மாதம் 30-ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். யுத்தம் முடியும் தறுவாயில், 1945 ஆகஸ்டில், சோறு போட முடியாது என்று நூற்றுக்கணக்கானோரைக் கப்பலில் ஏற்றி ஹேவ்லாக் தீவுக்கு அருகே கடலில் தள்ளினார்கள்.

யுத்தத்துக்குப் பின் கைதிக் குடியிருப்பு கலைக்கப்பட்டது. கைதிகள் விடுதலை செய்யப்பட்டனர். விரும்பியவர்கள் ஊர் திரும்பலாம் என்றார்கள். பலர் போனார்கள். போகாதவர்கள் யார் என்பதில்தான் இந்தச் சொல்லின் அர்த்தமே இருக்கிறது. அங்கேயே பிறந்தவர்களுக்குப் போக ஊர் இல்லை. அப்பாவின் ஊர் எதுவென்று தெரிந்தாலும், அந்த ஊர் அப்பாவை எப்போதோ தலைமுழுகிவிட்டது. அம்மாவின் ஊர் வேறு திசையில். லோக்கல் என்றால் இங்கே பிறந்தவர் என்று அகராதி சொல்லலாம். தீவின் அனுபவத்தில் அதன் பொருள் வேறு: திரும்பிப் போக வேறு ஊர் இல்லாதவர்.

இப்படிப் பார்த்தால் டெலானிபூர்ப் பையனின் பதில் புரிகிறது. 1949 முதல் கிழக்கு வங்க அகதிகளைக் குடியேற்றினார்கள். துறைமுகம், சாலை, மரம் வெட்டுதல், மீன்பிடி, கடை, அரசு அலுவலகம் என்று வேலை பெருகப் பெருகத் தமிழர்களும் தெலுங்கர்களும் வந்தார்கள். யாரும் விலங்கு மாட்டி வரவில்லை. டிக்கெட் வாங்கி வந்தார்கள். வந்தவர்களுக்கு ஊர் இருந்தது. பணம் அனுப்ப ஒரு முகவரி, குலதெய்வத்துக்கு முடியிறக்க ஒரு கோயில், பெண் எடுக்க ஒரு தாய்மாமன் வீடு. 'மெயின்லேண்ட் போறோம்' என்று கோடை விடுமுறையில் மூட்டை கட்டுவார்கள். (இந்தியா என்றோ தமிழ்நாடு என்றோ சொல்வது குறைவு. கடலுக்கு அந்தப் பக்கம் எல்லாமே மெயின்லேண்ட்தான். தனுஷ்கோடியும் டேராடூனும் தீவுக்காரருக்கு ஒரே திசை.)

தமிழே இதில் ஒரு சூழ்ச்சி செய்கிறது. 'உள்ளூர்', 'அசலூர்' என்று நமக்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. 'சொந்த ஊர்' என்று இன்னொன்றும் இருக்கிறது. அதன் பொருளை வேற்று மொழிக்காரருக்கு விளக்கிப் பார்த்தால் தெரியும் கஷ்டம். பிறந்த ஊரா? இல்லை. வாழும் ஊரா? அதுவும் இல்லை. வீடு வாங்கிய ஊரா? நிச்சயமாக இல்லை. தாத்தாவும் அவருக்கு முந்தியவர்களும் எங்கே இருந்தார்களோ அது. சென்னையில் மூன்று தலைமுறையாக இருப்பவரும் 'சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம்' என்பார். டெலானிபூரில் பிறந்த பையனிடம் கேட்டால் ராமநாதபுரத்திலோ சிவகங்கையிலோ ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்வான். ஆயுளில் இரண்டு முறை போயிருப்பான். ஒன்று மொட்டையடிக்க, இன்னொன்று தாத்தாவின் காரியத்துக்கு. கம்மாய்க்கு வழி கேட்டால் தெரியாது. இருந்தாலும் அதுதான் சொந்த ஊர். ஆங்கிலச் சொல் அவனை வெளியே நிறுத்துவதற்கு முன்பே அவன் மொழி அவனைக் கரையில் கட்டிப் போட்டுவிட்டது.

இதே கடலில் ஊரே இல்லாத தமிழர்களும் இருக்கிறார்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தினார்கள். அரசு அவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. இலங்கையில் பிறந்தவர்கள், இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றுக்கு எப்படித் திரும்புவது என்று அரசாணை எழுதிய யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 2004 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. ஊர் இல்லாதவரே லோக்கல் என்றால், இவர்களைவிட லோக்கல் யார்? ஆனால் அவர்களை யாரும் அப்படி அழைப்பதில்லை. அந்தச் சொல்லின் பட்டா 1942-லேயே எழுதி முடித்தாகிவிட்டது.

பேச்சு வழக்காக மட்டும் இருந்தால் இதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. சொல் அலுவலகத்துக்குள் போனதும்தான் சிக்கல் பிடிக்கிறது. தீவு நிர்வாகத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஐந்து பிரிவினர் இடம்பெற்றனர்: 1942-க்கு முந்தைய குடியேறிகளின் வழித்தோன்றல்கள், பாந்துக்கள், மாப்பிள்ளாக்கள், கரேன்கள், கிழக்கு வங்கக் குடியேறிகள். தமிழர்கள் அதில் தனிப் பிரிவாக இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவரின் பேரன் கடல் கடந்ததும் அந்தத் தகுதியைத் தீவில் காட்ட முடியாது. 'ப்ரீ-42' என்ற கொச்சை கல்லூரி இடமாகவும் அரசு வேலையாகவும் மாறும் இடம் இது. தாத்தா 1941-ல் வந்தாரா 1951-ல் வந்தாரா என்பது பேரனின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது.

இன்னொரு பக்கம், அதே நிர்வாகம் 'லோக்கல் சர்ட்டிஃபிகேட்' என்றும் ஒரு சான்றிதழ் தருகிறது. தீவிலேயே வசித்துப் படித்து வளர்ந்தவர் என்பதற்கான சான்று. தமிழரும் வாங்கலாம், தெலுங்கரும் வாங்கலாம். ஆக, தெருவில் லோக்கல் இல்லாதவர் தாசில்தார் அலுவலகத்தில் லோக்கல். கையில் லோக்கல் சான்றிதழை வைத்துக்கொண்டு 'நாங்க லோக்கல் இல்லை' என்று சொல்லும் இளைஞர்கள் அங்கே உண்டு, அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரே சொல் இரண்டு சட்டை போட்டு நிற்கிறது. கப்பல் டிக்கெட் கவுண்டரில் மூன்றாவது சொல் ஒன்று காத்திருக்கிறது: 'ஐலண்டர்'. தீவுக்காரருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு அதைவிட அதிகம். அதற்கென்று அடையாள அட்டை இருக்கிறது. இந்தச் சொல்லுக்குப் பெருமையும் இல்லை, கறையும் இல்லை. தள்ளுபடி மட்டும் உண்டு. ஒருவேளை அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக நிலைக்கக் கூடியது அதுவாக இருக்கலாம்.

இந்தப் பட்டியல் எதிலும் வராத மக்கள் சிலர் இருக்கிறார்கள். வாக்கர் கைதிகளோடு இறங்கியபோது கரையில் வில்லோடு நின்றவர்கள். 1859 மே மாதம் அபர்டீன் என்ற இடத்தில் அவர்கள் குடியிருப்பைத் தாக்கியதை ஆங்கிலேயர் போர் என்றே எழுதி வைத்தார்கள். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அங்கேயே இருக்கும் அவர்களை யாரும் லோக்கல் என்பதில்லை. ஹிந்துஸ்தானியில் 'ஜங்லி', ஆங்கிலத்தில் 'டிரைப்'. போர்ட் பிளேரில் ஜங்லிகாட் என்று ஒரு பகுதிக்கே பெயர். ஜாரவா என்று உலகம் அழைக்கும் மக்கள் தங்களை அப்படி அழைத்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு அவர்கள் 'ஆங்'. ஜாரவா என்பது பக்கத்துக் காட்டில் இருந்த கிரேட் அந்தமானியர் வைத்த பெயர். பொருள், அந்நியர். அந்தப் பெயரை வைத்த கிரேட் அந்தமானியர் இன்று சில பத்துப் பேர்தான். அவர்களின் மொழிகளில் ஒன்றான அகா-போவைப் பேசிய கடைசிப் பெண் போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். 'இந்த ஊர்க்காரர்' என்பதற்கு அந்த மொழியில் என்ன சொல் இருந்தது என்று இனி அந்த மொழியிலேயே கேட்டறிய ஆள் இல்லை.

டெலானிபூர் வாசலில் மாமா இன்னும் உட்கார்ந்திருக்கிறார். கப்பலில் வந்த களைப்பு. தண்ணீர் ருசியாக இல்லை, வெயிலில் புழுக்கம், மாலை ஐந்தரைக்கே இருட்டிவிட்டது என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்கிறார். உள்ளே பையன் தன் தங்கையிடம் ஹிந்தியில் முணுமுணுக்கிறான். அவருக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான்: 'மெயின்லேண்டர்'.